ஜார்ஜியா: ஜாடியில் வந்த வைன்தான் வைன்

ஜார்ஜியா நாட்டின் வைன் வட்டாரமான ககேத்தியில், சிக்னாகியிலிருந்து தெலாவிக்கு 80 லரி என்று பேசித்தான் ஏறினோம். இறங்கும்போது 120 கேட்டார் அந்த டாக்ஸிக்காரர். ஏனய்யா என்றால், வழியில் ஒரு ஒயினரியில் முக்கால் மணி நேரம் காத்திருந்தாராம். அங்கே வண்டியை நிறுத்தியதே அவர்தான்! ஊற்றிக் கொடுத்தவரும் இவரும் பேசிக்கொண்ட விதத்தைப் பார்த்தாலே கமிஷன் கணக்கு புரிந்துவிட்டது. ஒரு லரி கிட்டத்தட்ட 30 ரூபாய். 40 லரி என்றால் 1,200 ரூபாய், எங்களுக்கு ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவு. கத்திப் பேசி 100-க்கு முடித்தோம். இன்னும் வயிறு எரிகிறது.

தலைநகர் திபிலிசியிலிருந்து சிக்னாகிக்கு மர்ஷ்ருத்கா வேன் போகிறது, மலிவுதான். முழங்கால் முன்சீட்டில் இடிக்கும், அவ்வளவுதான்.

சரி, வைனுக்கு வருகிறேன். தெலாவியில் நாங்கள் தங்கியது ஒரு வீட்டின் மாடி அறை. கீழே 'மரானி', அதாவது வைன் அறை. உள்ளே போனால் பீப்பாய் ஒன்றுகூட இல்லை. தரையில் வட்ட வட்டமாக மூடிகள்தான். ஒவ்வொன்றுக்கும் அடியில் கழுத்துவரை புதைத்த ஆளுயர மண்பானை. இதுதான் குவெவ்ரி. வீட்டுக்கார அம்மா மூடியைச் சுற்றியிருந்த ஈரக் களிமண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு, நீளக் காம்பு வைத்த சுரைக்குடுக்கையை உள்ளே விட்டு மொண்டார். வெள்ளைத் திராட்சையில் செய்ததுதான், ஆனால் நிறம் பொன்னும் செம்பும் கலந்தது. சாற்றைத் தோல், விதை, காம்போடு சேர்த்துப் பானையில் போட்டு ஐந்தாறு மாதம் விட்டுவிடுகிறார்கள். நிறம் அதில் ஏறுகிறது. ஆம்பர் வைன் என்கிறார்கள். முதல் வாய் குடித்ததும் பால் விடாத டீத்தண்ணி மாதிரி நாக்கைப் பிடித்தது. அப்புறம் உலர்ந்த ஆப்ரிகாட் வாசம் மெல்ல வந்தது. இரண்டாவது கிளாஸில் நான் கட்சி மாறிவிட்டேன்.

இந்தப் பானை முறையை யுனெஸ்கோ 2013-இல் கலாசார மரபுப் பட்டியலில் சேர்த்தது. திபிலிசிக்குத் தெற்கே தோண்டியெடுத்த பானை ஓடுகளில் சுமார் 8,000 வருடத்துக்கு முந்தைய வைன் தடயம் கிடைத்ததாக 2017-இல் ஆய்வு வெளியானது. டாக்ஸிக்காரர், ஹோட்டல்காரர், காய்கறி விற்பவர் என்று எல்லோரும் இந்த 8,000-ஐச் சொல்லாமல் விடமாட்டார்கள்.

500-க்கும் மேல் திராட்சை வகை இருக்கிறது, மிரள வேண்டாம். ககேத்திப் பக்கம் போகிறவருக்கு மூன்று பெயர் போதும். ஆம்பரில் ர்கட்சிதெலி, கிசி, சிவப்பில் சபெராவி. சபெராவிப் பழத்தின் சதையே சிவப்பு, வைன் மை போலக் கறுத்திருக்கும். கிண்ட்ஸ்மராவுலி என்று எல்லாக் கடையிலும் நீட்டுவதும் சபெராவியில் செய்ததுதான், ஆனால் தித்திப்பு. இருமல் மருந்து பிடிக்கும் என்றால் வாங்குங்கள்.

திபிலிசி பழைய நகரத்தில் உணவகத்துக்காரர் முதலில் பாட்டில் பட்டியலைத்தான் நீட்டுவார். வாங்கி ஓரமாக வையுங்கள். ஜாடியில் வரும் வீட்டு வைன் கேளுங்கள், விலையும் அரை லிட்டரா ஒரு லிட்டரா என்பதையும் முதலிலேயே பேசிவிடுங்கள். எங்களுக்குப் பாட்டில் விலையில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகவில்லை. ருசி எல்லா இடத்திலும் ஒன்றுபோல இருக்காது; தெலாவிச் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு ஜாடி சுத்தக் காடி.

கூட வந்த நண்பர் சைவம். பட்டினி கிடப்பார் என்று பயந்தோம், எங்களைவிட நன்றாகச் சாப்பிட்டது அவர்தான். வால்நட் விழுதை வைத்துச் சுருட்டிய கத்தரிக்காய், பத்ரிஜானி. மண்சட்டியில் கொதிக்கக் கொதிக்க வரும் பீன்ஸ் லோபியோ, தொட்டுக்கொள்ளச் சோள ரொட்டி. கத்தரிக்காயோடு கிசி, லோபியோவோடு சபெராவி, இதற்கு மேல் ஜோடிப் பொருத்தம் பார்க்க ஒன்றுமில்லை. அந்த வால்நட் விழுதில் பூண்டும் கொத்தமல்லியும் இருக்கும், நம்ம நாக்குக்கு அப்படியே ஒட்டும்.

யாராவது வீட்டு விருந்துக்கு அழைத்தால் கவனம். விருந்தை நடத்தும் 'தமாதா' என்பவர் வாழ்த்துச் சொல்லி முடிக்கும்வரை கிளாஸைத் தொடக்கூடாது. முடிந்ததும் 'கௌமார்ஜோஸ்!' என்று கத்திவிட்டுக் குடிக்கலாம். அவர் சொல்வதற்கோ முடிவே இல்லை. முன்னோர், குழந்தைகள், விருந்தாளி, சமாதானம் என்று நீண்டுகொண்டே போகும்.

திரும்பும்போது இந்தியாவுக்குள் ஆளுக்கு 2 லிட்டர்தான் வரியில்லாமல் வரும். முக்கால் லிட்டர் பாட்டில் இரண்டு எடுத்தால் அரை லிட்டர் மிச்சம். அதற்குத் திராட்சைச் சக்கையில் வடிக்கும் சாச்சா சரியாகப் பொருந்தும். ஏர்போர்ட் கடையில் மட்டும் வாங்காதீர்கள், விலையைப் பார்த்தாலே போதை இறங்கிவிடும்.