கல் இல்லாத பித்தப்பை

நோய்க்குறியியல் பிரிவில் அதிகம் கைக்கு வரும் உறுப்புகளில் ஒன்று பித்தப்பை. ஃபார்மலின் டப்பா, கூடவே ஒரு சீட்டு, அதில் 'பித்தப்பை அழற்சி, கல்லா?' என்று ஒரு வரி. இந்த ஒரு வரி போதாது என்பதை நான் பல மேடைகளில் சொல்லிவிட்டேன். ஒரு பெண்ணின் பித்தப்பையைப் பார்த்த பிறகு இன்னும் அழுத்திச் சொல்கிறேன்.

அதை நீளவாக்கில் திறந்தால் உள்ளே கல்லே இல்லை. பச்சை படிந்த உட்சுவரில், காம்போடு தொங்கும் நாவற்பழம் மாதிரி ஒரு கட்டி. பித்தநீர்க் கறையாக இருக்கலாம் என்று தண்ணீரில் அலசினேன், கறுப்பு போகவில்லை. குறுக்கே வெட்டினால் உள்ளேயும் அதே கறுப்பு.

அறுவை சிகிச்சை நிபுணருக்குப் போன் போட்டேன். "சார், அந்த அம்மாவுக்கு முன்னாடி எப்பவாவது மச்சம், கட்டி ஏதாவது எடுத்திருக்காங்களான்னு கேளுங்க."

சாயங்காலம் அவரே கூப்பிட்டார். "குதிகால்ல ஒரு கறுப்புப் புண்ணு எடுத்திருக்காங்க மேடம், வேற ஊர்ல. வயித்துவலின்னு வந்ததால நாங்க கேக்கலை, அவங்களும் சொல்லலை."

மெலனோமா, அதாவது தோலுக்கு நிறம் தரும் செல்களில் தோன்றும் புற்றுநோய். எஸ்-100, எச்எம்பி-45 என்ற திசுச் சாயங்கள் அதை உறுதி செய்தன.

வேறு இடத்திலிருந்து பித்தப்பைக்குப் பரவும் புற்றுநோய்களில், மேலை நாட்டுப் பதிவுகளின்படி மெலனோமாவுக்குத்தான் முதலிடம். மெலனோமாவால் இறந்தவர்களின் உடற்கூறாய்வுகளில் ஏறத்தாழ 15 முதல் 20 சதவீதம் பேருக்குப் பித்தப்பையிலும் அது இருந்திருக்கிறது. உயிரோடு இருக்கும்போது தெரியவருவது அபூர்வம். பெரும்பாலும் வலி இருக்காது. குழாயை அடைத்தால் மட்டும் கல் வலி போலவே வரும். ஸ்கேனில் கல் நிழல் விழுத்தும், புரண்டு படுத்தால் நகரும். மெலனோமா சுவரோடு ஒட்டியே நிற்கும்.

நம் ஊரில் மெலனோமா குறைவுதான். ஆனால் வரும்போது பெரும்பாலும் உள்ளங்காலிலும் நகத்தடியிலும் வருகிறது. கால் ஆணி, ரத்தக்கட்டு என்று மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். பாடகர் பாப் மார்லிக்கும் கால் பெருவிரல் நகத்தடியில்தான் தொடங்கியது. 1981-இல் இறந்தபோது அவருக்கு வயது 36.

அவர் காலத்தில் பரவிய மெலனோமாவுக்குச் செய்ய அதிகம் இல்லை. 2011-இல் நோயெதிர்ப்பு சக்தியைத் தூண்டும் இபிலிமுமாப் மருந்து வந்தது, பிறகு நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப். எல்லோருக்கும் கேட்பதில்லை, விலையும் கைக்கு எட்டுவதில்லை. ஆனாலும் வழி இருக்கிறது. பித்தப்பையிலேயே தோன்றும் புற்றுக்குச் சிகிச்சையே வேறு. அதனால்தான் அந்தக் குதிகால் புண் சீட்டில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

குதிகால் புண்ணின் பழைய ஸ்லைடுகளை வரவழைத்து ஒப்பிட்டோம், இரண்டும் ஒன்றே. எந்த மருந்து பொருந்தும் என்று பார்க்க, பிராஃப், கிட் மரபணுச் சோதனைகளுக்குத் திசு பதித்த மெழுகுக் கட்டையை அனுப்பினேன். எங்கள் சீட்டில் இப்போது 'முன்பு எடுத்த கட்டி, மச்சம்' என்று தனியாக ஒரு கட்டம் இருக்கிறது. அது காலியாக வந்தால், பித்தப்பையைத் திறக்கும் முன்பே வார்டுக்குப் போன் செய்துவிடுகிறேன்.