கம்பியைத் தள்ளுவது யார்?

"மேடம், எலக்ட்ரான் மேல இருக்கிற காந்த விசையும் மின் விசையும் ஒண்ணையொண்ணு ரத்து பண்ணிடுதுன்னா, மோட்டார்ல கம்பி எப்படி நகருது?"

மின்னோட்டம் ஓடும் பட்டையைக் காந்தப்புலத்தில் வைத்தால் அதன் குறுக்கே எழும் சிறு மின்னழுத்தம்தான் ஹால் விளைவு. அதன் பிராக்டிகலில் ஒரு மாணவி கேட்டது. பல வருடமாக இந்தப் பாடத்தை நடத்துகிறேன், இதைவிட நல்ல கேள்வி வந்ததில்லை.

அந்த ரத்து எப்படி நடக்கிறது என்று முதலில் பார்ப்போம். 1 செ.மீ. அகலம், 0.1 மி.மீ. தடிமன் உள்ள தாமிரப் பட்டை ஒன்று. நீளவாக்கில் 1 ஆம்பியர் ஓடுகிறது. பட்டையின் பரப்புக்குச் செங்குத்தாக 1 டெஸ்லா காந்தப்புலம். உள்ளே எலக்ட்ரான்களின் இழுப்புத் திசைவேகம், அதாவது மின்னோட்டத்தில் அவை நகரும் சராசரி வேகம், நொடிக்குச் சுமார் 0.07 மி.மீ.தான், எறும்பு முந்திவிடும். காந்தப்புலம் அவற்றைப் பக்கவாட்டில் ஒரு விளிம்புக்கு ஒதுக்குகிறது. அங்கே எதிர் மின்னூட்டம் சேரச் சேர, பட்டையின் குறுக்கே ஒரு மின்புலம் எழுந்து பின்னால் வருபவற்றை எதிர்ப்பக்கம் தள்ளுகிறது. வேகத்தைக் காந்தப்புலத்தால் பெருக்கினால் வரும் அளவை அந்த மின்புலம் எட்டியதும் ஒதுங்குவது நின்றுவிடும். அப்புறம் எலக்ட்ரான்கள் நேராகவே போகும்.

இந்தப் பட்டையில் இரண்டு விளிம்புக்கும் இடையே கிடைப்பது வெறும் 0.7 மைக்ரோவோல்ட். தாமிரத்தில் ஒரு கன மீட்டருக்கு 8.5 × 10²⁸ கட்டுறா எலக்ட்ரான்கள் (எந்த அணுவோடும் கட்டுண்டு கிடக்காமல் நகரக்கூடியவை) இருப்பதால் ஒவ்வொன்றும் மெதுவாக நகர்ந்தாலே போதும். வேகம் குறைவு, அதனால் மின்னழுத்தமும் குறைவு. ஆய்வகத்தில் ஜெர்மானியம் என்ற குறைக்கடத்தியை வைத்திருப்பது இதற்காகத்தான். அதில் மின்னூட்டத் துகள்கள் மிகக் குறைவு, சில மில்லி ஆம்பியரிலேயே மில்லி வோல்ட் கணக்கில் அளவு கிடைத்துவிடும்.

சரி, அந்தப் பெண்ணின் கேள்விக்கு வருவோம். பட்டையில் எலக்ட்ரான்கள் மட்டுமா இருக்கின்றன? தாமிர அயனிகளும் இருக்கின்றன, நேர் மின்னூட்டத்தோடு, நின்ற இடத்திலேயே. பட்டையின் உடலே அவைதான், அவற்றைத் தள்ளினால் பட்டையே நகரும். அவை பட்டைக்குள் நகராததால் காந்தப்புலம் அவற்றைத் தொடாது. ஆனால் குறுக்கே எழுந்த மின்புலம் தொடும். எலக்ட்ரானை அது எந்தப் பக்கம் தள்ளுகிறதோ, அதற்கு நேர் எதிர்ப்பக்கம் அயனியைத் தள்ளும். அதாவது, காந்த விசை எலக்ட்ரானைத் தள்ளிய அதே பக்கம்! எல்லா அயனிகள் மேலும் விழும் விசையைக் கூட்டினால், மின்னோட்டம், நீளம், காந்தப்புலம் மூன்றின் பெருக்கல் அப்படியே வந்து நிற்கிறது. 10 செ.மீ. நீளப் பட்டைக்கு 0.1 நியூட்டன், ஏறக்குறைய 10 கிராம் எடை. கையில் பிடித்தால் தெரியும்.

இந்த விளைவைக் கண்டுபிடித்த எட்வின் ஹால் இந்த ஆராய்ச்சியில் இறங்கக் காரணமே இதற்கு நெருக்கமான ஒரு சந்தேகம். விசை கடத்தியின் மேல்தான் செயல்படுகிறது, மின்னோட்டத்தின் மேல் அல்ல என்று மின்காந்தவியலுக்கு அடித்தளமிட்ட இயற்பியலாளர் மேக்ஸ்வெல் 1873-இல் எழுதியிருந்தார். பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக மாணவராக இருந்த ஹாலுக்கு அது மனதுக்கு ஒப்பவில்லை. ஆசிரியர் ரோலண்டின் யோசனைப்படி கண்ணாடியில் ஒட்டிய தங்கத் தாளில் மின்னோட்டம் செலுத்திப் பார்த்தார். தடிமன் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு மின்னழுத்தம் கூடும் என்பதால் தங்கத் தாள் கைகொடுத்தது. 1879 அக்டோபரில் விளைவு தெரிந்தது. அடுத்த மாதமே மேக்ஸ்வெல் காலமாகிவிட்டார். எலக்ட்ரான் கண்டுபிடிக்கப்பட இன்னும் 18 வருடம் இருந்தது. துகள் எது என்றே தெரியாத காலத்தில் அது ஒதுங்குவதை அளந்திருக்கிறார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

நான் பார்த்த பாடப்புத்தகப் படங்களில் ஓர் எலக்ட்ரானும் இரண்டு அம்புக்குறிகளும்தான் இருக்கும். பக்கத்தில் ஓர் அயனியை வரைந்து அதற்கும் ஓர் அம்புக்குறி போட்டுவிட்டால், மோட்டார் பாடத்தையும் ஹால் பாடத்தையும் ஒரே வகுப்பில் முடித்துவிடலாம். ரெக்கார்டு நோட்டில் இப்போது அப்படித்தான் வரையச் சொல்கிறேன்.