டி.எல்.டி., இரும்பு, கால்சியம்: எதை எப்போது போடுவது?

எச்.ஐ.வி. உள்ள கர்ப்பிணிகள் அதிகம் கேட்பது "என்ன சாப்பிடலாம்?" என்றுதான். அதைவிட முக்கியம், எந்த மாத்திரையை எந்த நேரத்தில் போடுவது என்பது. சத்து மாத்திரை ஓரிடத்தில், ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. சிகிச்சை) மாத்திரை வேறிடத்தில் வாங்கும்போது இதைச் சொல்ல ஆளில்லாமல் போகிறது.

டி.எல்.டி. என்பது மூன்று மருந்துகள் சேர்ந்த ஏ.ஆர்.டி. மாத்திரை. அதில் உள்ள டோலுடெக்ராவிர், வெறும் வயிற்றில் இரும்பு, கால்சியம் மாத்திரைகளோடு சேர்ந்தால் குடலிலேயே அவற்றோடு ஒட்டிக்கொள்ளும். ரத்தத்தில் மருந்தின் அளவு குறையும். வைரஸ் தலைதூக்கினால் குழந்தைக்கும் ஆபத்து. அதனால் டி.எல்.டி.யை இவற்றுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ போட வேண்டும்.

ஒரு நாளை இப்படி அமைக்கலாம். காலை எட்டரைக்கு இட்லியோடு கால்சியம் 500 மி.கி., மதியம் ஒன்றரைக்குச் சாப்பாட்டோடு இன்னொன்று. நாலு மணிக்கு இரும்பு மாத்திரை, எலுமிச்சை ஜூஸோடு. காபி, டீயை ஒரு மணி நேரமாவது தள்ளிவையுங்கள். இல்லாவிட்டால் இரும்புச் சத்து உடலில் சரியாகச் சேராது. (சென்னையில் நாலு மணிக் காபியைத் தள்ளிவைக்கச் சொல்வது கொடுமைதான்!) இரவு பத்துக்கு டி.எல்.டி.

நேரம் தவறிவிட்டால் டி.எல்.டி.யையும் இரும்பையும், அல்லது டி.எல்.டி.யையும் கால்சியத்தையும், வயிறார சாப்பிடும்போது ஒன்றாகப் போடலாம். ஆனால் இரும்பும் கால்சியமும் ஒரே நேரத்தில் வேண்டாம். கட்டுப்பாடு மாத்திரைக்குத்தான், தயிர் சாதத்துக்கு இல்லை.

பலரும் கோட்டை விடுவது நெஞ்செரிச்சல் மருந்தில். ஜெலுசில் மாதிரியானவற்றில் அலுமினியமும் மக்னீசியமும் உண்டு. இவற்றுக்குச் சாப்பாட்டுச் சலுகை கிடையாது. அதே 2 மணி, 6 மணி இடைவெளிதான். அடிக்கடி எரிச்சல் வந்தால் மெடிக்கல் ஷாப்பில் கேட்காமல் ஏ.ஆர்.டி. மருத்துவரிடம் கேளுங்கள்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, நாலாம் மாதத்திலிருந்து கர்ப்பத்துக்காக 350 கலோரி கூடுதலாக வேண்டும். எச்.ஐ.வி.க்காக வழக்கமான தேவையில் இன்னொரு 10 சதவீதம். மொத்தம் 500 சொச்சம். ஒரு டம்ளர் பால், அவித்த முட்டை, வாழைப்பழம், ஒரு கைப்பிடி வேர்க்கடலை: கிட்டத்தட்ட முடிந்தது. அங்கன்வாடி சத்துமாவு வீட்டில் எல்லோருக்கும் பங்காகிவிடுகிறது, அது கர்ப்பிணிக்கானது. மீன் வாங்கினால் நெத்திலி, மத்தி போதும், வஞ்சிரம்தான் என்றில்லை.

சி.டி.4 (நோய் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை) குறைவாக இருந்தால் ஆஃப்பாயில், கலக்கி, வெளியே நறுக்கி வைத்த பழம் வேண்டாம். கேன் தண்ணீரையும் கொதிக்க வைத்தே குடியுங்கள்.