வைப்பர் போடப்போய் இண்டிகேட்டர் போட்ட கதை

போன மாசம் என் கார் ஒர்க்‌ஷாப்ல நின்னதால பிரண்டோட காரை ரெண்டு நாளைக்கு வாங்கிட்டு போயிருந்தேன். சாவிய குடுக்கும்போது "எல்லா காரும் ஒண்ணுதான் மச்சி, போ"ன்னான், நானும் பதினாலு வருசமா ஓட்டுறவன்ங்கற திமிர்ல சீட்டை மட்டும் கொஞ்சம் பின்னாடி தள்ளிட்டு கிளம்பிட்டேன்.

திரும்பி வரும்போது ராத்திரி. அத்தான் பக்கத்துல, அக்காவும் ரெண்டு பசங்களும் பின்னாடி, கார்ல ஏறுறதுக்குள்ளயே அஞ்சு பேரும் தொப்பலா நனைஞ்சாச்சு. ஒரு 70ல போயிட்டு இருக்கேன், எதிர்ல வந்த லாரி ஒண்ணு குட்டையில ஏறி மொத்த தண்ணியையும் கண்ணாடி மேல அடிச்சிட்டு போச்சு. கை தன்னால வைப்பர் லீவருக்கு போச்சு, தட்டினேன், வைப்பர் அசையல, டிக் டிக்னு இண்டிகேட்டர் போடுது! என் கார்ல வைப்பர் எந்தப் பக்கமோ அதுக்கு நேர் எதிர் பக்கம் இதுல. சில கார்ல இண்டிகேட்டர் ஸ்டீயரிங்குக்கு இடது பக்கம் இருக்கும், சிலதுல வலது பக்கம், இது எனக்கு தெரியாத விஷயமா என்ன, தெரியும், ஆனா கைக்கு தெரியலயே.

சரின்னு மாத்தி போட்டேன், வைப்பர் ஓடுது, ஆனாலும் ஒண்ணும் தெரியல. கண்ணாடி உள்பக்கம் ஆவி படிஞ்சு வெள்ளையா நிக்குது. கையால தொடச்சேன், இன்னும் மோசம், எதிர்ல வர்ற லைட் எல்லாம் கோடு கோடா இழுத்துக்கிட்டு தெரியுது. ஏசி எங்கடான்னு பாத்தா பட்டனே இல்ல, எல்லாம் டச் ஸ்கிரீனுக்குள்ள. அதுல மெனுவ தேடிட்டு இருக்கும்போது பின்னாடி இருந்து அக்கா "டேய் முன்னாடி பாருடா!"ன்னு கத்தினா. நிமிர்ந்தா முன்னாடி போற வண்டியோட சிவப்பு லைட் ரொம்ப கிட்டத்துல. ஒண்ணும் ஆகல. ஓரமா கொண்டு போய் நிறுத்திட்டு ரெண்டு நிமிசம் பேசாம உக்காந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து கணக்கு போட்டு பாத்தேன். 70ல போனா செகண்டுக்கு 19 மீட்டர் கிட்ட. ஸ்கிரீன நான் ஒரு மூணு செகண்டாவது பாத்திருப்பேன், அப்போ கிட்டத்தட்ட 60 மீட்டர் கண்ண மூடிட்டு ஓட்டின மாதிரி, அதுவும் மழையில, அதுவும் பின்னாடி பசங்க.

இந்த டச் ஸ்கிரீன் மேல எனக்கு ரொம்ப நாளா கடுப்பு. பட்டனா இருந்தா ரெண்டு வாரத்துல விரல் தடவியே கண்டுபிடிச்சிடும், ஸ்கிரீன்ல எதத் தடவினாலும் ஒரே வழுவழு கண்ணாடி. ஐரோப்பாவுல கார் பாதுகாப்புக்கு ஸ்டார் குடுக்கிற யூரோ என்கேப் கூட 2026ல இருந்து இண்டிகேட்டர், நாலு இண்டிகேட்டரும் ஒண்ணா மினுக்கற ஹசார்டு, ஹார்ன், வைப்பர், அவசர உதவி பட்டன் இதெல்லாம் தொட்டு அழுத்துற மாதிரி தனியா இல்லன்னா மார்க் குறையும்னு சொல்லியாச்சு. ஏசியையும் அதுல சேத்திருக்கலாம்னு நான் நெனைக்கிறேன், ஏன்னா அன்னிக்கு என்னை கவுத்தது அதுதான்.

இப்போ அந்த ஆவி விஷயத்துக்கு வரேன், இதுல பாதி பேர் தப்பு பண்றாங்க, அன்னிக்கு வரைக்கும் நானும்தான். ஆவி உள்ள படிஞ்சிருக்கா வெளிய படிஞ்சிருக்கான்னு மொதல்ல தெரியணும். விரலால ஒரு கோடு போட்டா அழியுதா, உள்ள. வைப்பர் ஒரு தடவ போனா போயிடுதா, வெளிய. ரெண்டுக்கும் வைத்தியம் வேற வேற.

உள்ள படியறது நம்ம மூச்சுக் காத்துலயும் ஈரத் துணியிலயும் இருந்து வர்ற ஈரம். வெளிய மழையில கண்ணாடி குளிர்ந்து கிடக்கு, உள்ள இருக்கிற ஈரக்காத்து அதுல பட்டதும் பொடிப்பொடி தண்ணியா ஒட்டிக்குது. இதுல அந்த உள்காத்தே சுத்துற பட்டன், கார் படத்துக்குள்ள வளைஞ்ச அம்புக்குறி போட்டிருக்குமே, அது ஆன்ல இருந்தா அஞ்சு பேர் விட்ட மூச்சு உள்ளயே சுத்திட்டு இருக்கும். அதை ஆஃப் பண்ணி வெளிக்காத்த விடணும். கூடவே ஏசிய போடணும். மழைக்கு குளிருதேன்னு பெரும்பாலும் ஏசிய அமத்திடுவோம், அங்கதான் மாட்றது. ஏசி காத்த குளிர வைக்கிறதோட அதுல இருக்கிற ஈரத்தையும் பிடுங்கி எடுத்துடும், வெயில் காலத்துல காருக்கு அடியில சொட்டு சொட்டா தண்ணி விழுமே அது அப்படி பிடுங்கின ஈரம்தான். குளிர் தாங்கலன்னா டெம்பரேச்சர ஏத்தி வெச்சுக்கோங்க, ஏசியும் ஹீட்டரும் சேந்து ஓடலாம், அதுல ஒண்ணும் தப்பில்ல, சொல்லப்போனா காஞ்ச சூடான காத்துதான் கண்ணாடிய சீக்கிரம் கிளியர் பண்ணும். இது எல்லாத்தையும் ஒரே அழுத்துல பண்றதுக்குத்தான் முன் கண்ணாடி டீஃபாக் பட்டன், விசிறி மாதிரி விரிஞ்ச படத்துல நெளிஞ்ச அம்பு போட்டிருக்கும், நிறைய கார்ல அத அழுத்தினா ஏசி, வெளிக்காத்து, ஃபேன் ஸ்பீடு எல்லாம் தானா மாறிடும். செவ்வகத்துல அம்பு போட்டிருந்தா அது பின் கண்ணாடிக்கு, அங்க கோடு கோடா ஓடுற கம்பி சூடாகி ஆவிய போக்கும், கொஞ்ச நேரத்துல தானா ஆஃப் ஆயிடும்.

வெளிய படியறது தலைகீழ் கதை. புழுக்கமான ராத்திரியில நாம ஏசிய ஃபுல்லா வெச்சு அந்த குளிர்காத்து முன் கண்ணாடிய அடிச்சுக்கிட்டே இருந்தா, சில்லுன்னு தண்ணி ஊத்தின டம்ளருக்கு வெளிய வேர்க்குமே, அதே மாதிரி கண்ணாடி வெளிப்பக்கம் வேர்த்துடும். அப்போ போய் ஏசிய இன்னும் கூட்டினா என்னாகும். வைப்பர ஒரு தடவ போட்டுட்டு, காத்த கண்ணாடி மேல படாம முகத்துக்கோ காலுக்கோ திருப்பிவிட்டு, குளிர கொறச்சா போதும்.

வைப்பர் பத்தி சொல்லும்போது ஒண்ணு ஞாபகம் வருது, அந்த ஐடியாவுக்கு 1903ல அமெரிக்காவுல பேட்டன்ட் வாங்கினது மேரி ஆண்டர்சன்னு ஒரு பெண்மணி, உள்ள இருந்து லீவர இழுத்தா வெளிய ரப்பர் தொடைக்கும். இன்னிக்கு நாம அந்த ரப்பர் காய்ஞ்சு கிழிஞ்சு கிறீச் கிறீச்னு கத்துற வரைக்கும் மாத்த மாட்டோம்.

அடுத்து லைட். பகல்ல மழை கொட்டும்போது பல பேர் லைட்டே போடறதில்ல, கேட்டா "முன்னாடிதான் தானா எரியுதே"ம்பாங்க. அது டிஆர்எல், பகல் லைட்டு, நிறைய கார்ல அது எரியும்போது பின்னாடி லைட் எரியாது. நம்ம முன்னாடி பளிச்சுன்னு போறோம்னு நெனச்சுட்டு இருப்போம், பின்னாடி வர்றவனுக்கு நம்ம வண்டி மழைக்குள்ள ஒரு சாம்பல் பெட்டி. ஹெட்லைட் சுவிட்சை திருப்பி லோ பீம் போட்டாதான் பின்னாடியும் எரியும். மூடுபனியில ஹை பீம் போட்டா நல்லா தெரியும்னு நெனைக்கிறது இன்னொண்ணு, அந்த வெளிச்சம் பனித்துளியில பட்டு நம்ம கண்ணுக்கே திரும்பி வரும், முன்னாடி வெள்ளைச் சுவர் எழுப்பின மாதிரி ஆயிடும். டேஷ்போர்டுல நீல சிம்பல் எரிஞ்சா ஹை பீம்ல இருக்கீங்கன்னு அர்த்தம், கீழ எறக்குங்க. பனி கலைஞ்சதும் பின் ஃபாக் லைட்ட மறக்காம அணைச்சிடுங்க, அது பிரேக் லைட் அளவுக்கு அடிக்கும், பின்னாடி வர்றவன் கண்ணு கூசும், நீங்க பிரேக் போட்டாலும் சட்டுனு தெரியாது.

ஹசார்டு போட்டுக்கிட்டு மழையில ஓட்றவங்கள பாத்தா எனக்கு வர்ற கோவம் இருக்கே... நாலு பக்கமும் மினுக்கிட்டு இருந்தா நீங்க ஓடுறீங்களா நிக்கிறீங்களான்னு எப்படி தெரியும், நிறைய கார்ல ஹசார்டு ஆன்ல இருக்கும்போது இண்டிகேட்டர் போட்டாலும் தெரியாது. அது நின்னுபோன வண்டிக்கு. அன்னிக்கு ஓரமா நிறுத்தினப்போ நானும் போட்டேன், அது ஒண்ணுதான் மொத தடவையிலயே சரியா கைக்கு மாட்டுச்சு, சிவப்பு முக்கோணம் நடுவுல பெருசா இருக்கும்ல.

சரி, ரோடு. ஸ்பீடு ரெண்டு மடங்கு ஆனா பிரேக் பிடிச்சு நிக்கிற தூரம் நாலு மடங்கு ஆகும். காஞ்ச ரோட்டுல 40ல போறப்போ ஒரு 9 மீட்டர்ல நிக்கிற கார் 80ல போனா 36 மீட்டர் கேக்கும், அதுவும் பிரேக்ல கால் வெச்சதுக்கு அப்புறம், கால் போறதுக்கு முன்னாடி யோசிக்கிற நேரம் தனி. ஈரத்துல இன்னும் இழுக்கும். ரொம்ப நாள் கழிச்சு பெய்யற மழையோட மொத கொஞ்ச நேரம் இருக்கே, ரோட்டுல படிஞ்ச ஆயிலும் தூசியும் தண்ணியோட குழைஞ்சு வழுக்கும், அப்போ தூறல்தானேன்னு யாரும் ஸ்பீட கொறைக்கறதும் இல்ல.

தண்ணி தேங்கின எடத்துல வேகமா போனா டயர் ரோட்ட விட்டுட்டு தண்ணி மேல மிதக்கும். எனக்கு ஒரு தடவ ஆச்சு. கீழ சளசளன்னு கேட்டுட்டு இருந்த சத்தம் திடீர்னு அடங்கிச்சு, ஸ்டீயரிங் வெண்ணெய்ல சுத்தற மாதிரி லேசா ஆயிடுச்சு, அவ்ளோதான், ஒரு செகண்டு இருக்குமா, வயிறு மேல வந்துடுச்சு. அப்போ பிரேக்க மிதிக்கவும் கூடாது ஸ்டீயரிங்க ஒடிக்கவும் கூடாது, ஆக்சிலேட்டர்ல இருந்து கால மெதுவா எடுத்துட்டு நேரா பிடிச்சிட்டு இருந்தா டயர் மறுபடி ரோட்ட பிடிச்சுக்கும். தண்ணிய வெளிய தள்றதுக்குத்தான் டயர்ல அந்த பள்ளம், பள்ளத்துக்குள்ள சின்ன மேடு ஒண்ணு இருக்கும், டயர் தேஞ்சு அந்த மேட்டு மட்டத்துக்கு வந்தா மிச்சம் 1.6 மில்லிமீட்டர்தான், மழைக்கு அது வரைக்கும் காத்திருக்க வேணாம்ங்கறது என் கட்சி. ஆக்சிலேட்டர மிதிக்காமலே ஒரே ஸ்பீட்ல கார ஓட வைக்கிற க்ரூஸ் கண்ட்ரோல் மழையில வேணவே வேணாம், கால் சும்மா இருந்தா ரோடு வழுக்கறது காலுக்கு தெரியாது.

பிரேக் மிதிக்கும்போது வீல் சுத்தாம லாக் ஆயிடாம பாத்துக்கற ஏபிஎஸ் பத்தி ஒண்ணு. முழு பலத்தோட பிரேக் மிதிச்சா பெடல் காலுக்கு கீழ படபடன்னு உதறும், கரகரன்னு சத்தம் வேற வரும். தெரியாதவங்க என்னமோ ஒடஞ்சு போச்சுன்னு பயந்து கால எடுத்துடுவாங்க, எடுக்கக் கூடாது, உதறினா அது வேலை செய்யுதுன்னு அர்த்தம், அழுத்திப் பிடிச்சுக்கிட்டே ஸ்டீயரிங்க திருப்பி ஒதுங்கலாம், வீல் லாக் ஆகாம இருக்கறதே அதுக்குத்தான். யாருமே இல்லாத காலி மைதானத்துல 30ல போய் ஒரு தடவ மிதிச்சு பாருங்க, அந்த உதறல் காலுக்கு பழகிடும். மலை எறங்கும்போது மட்டும் இந்த மாதிரி பிரேக்க நம்பிட்டு இருக்காதீங்க, கீழ் கியர்ல போட்டு இன்ஜின் இழுத்துப் பிடிக்க விடுங்க, பிரேக்ல கருகின வாடை வந்தா ஏற்கனவே லேட்.

ரோட்டுல ஓடுற தண்ணிக்குள்ள எறங்கறது பத்தி ரொம்ப சொல்ல விரும்பல. 30 சென்டிமீட்டர் தண்ணி பல கார்கள மிதக்க வைக்கும், 60 ஆனா பெரிய எஸ்யூவியையும் தள்ளிட்டு போகும். நடுவுல இன்ஜின் நின்னா மறுபடி ஸ்டார்ட் பண்ணாதீங்க, உள்ள போன தண்ணிய பிஸ்டனால அமுக்க முடியாது, ராடு வளைஞ்சு இன்ஜினே போயிடும்.

ரெண்டாவது நாள் காரை குடுக்கறதுக்கு முன்னாடி நிறுத்தின எடத்துலயே சாவிய போட்டு கால் மணி நேரம் உக்காந்தேன். கண்ண மூடிக்கிட்டு வைப்பர், இண்டிகேட்டர், ஹை பீம் டிப், ஹசார்டு, முன் டீஃபாக், பின் டீஃபாக்னு ஒவ்வொண்ணா கை வெச்சு பாத்தேன், வழியில போறவங்க ஒரு மாதிரி பாத்தாங்க, பாக்கட்டும். மொத ரவுண்டுல ஆறுல மூணுதான் சரி. முன் டீஃபாக் மட்டும் ஸ்கிரீனுக்குள்ளயே இல்லாம ஹசார்டுக்கு பக்கத்துல தனி பட்டனா இருந்துச்சு, ரெண்டு விரல்கடை தள்ளி, அன்னிக்கு ராத்திரி முழுக்க என் கண்ணு முன்னாடியே இருந்திருக்கு.

சாவிய குடுக்கும்போது பிரண்டுகிட்ட அதை காட்டி "இது எதுக்குன்னு தெரியுமா"ன்னு கேட்டேன். எட்டிப் பாத்தான். "மூணு வருசமா தொட்டதே இல்லடா, சீட் சூடாகற பட்டன்னு நெனச்சேன்"ங்கறான்.