முதலில் பாத்ரூம், அப்புறம் பை, அதன் பிறகு மரபணு

எஃப்.ஏ.பி. என்பது பெருங்குடலில் நூற்றுக்கணக்கில் பாலிப்கள் (சிறு கட்டிகள்) முளைத்துப் புற்றுநோயாக மாறக்கூடிய பரம்பரை நோய். அது உள்ளவர்கள் காதலில் சொல்ல வேண்டியவை மூன்று. அடிக்கடி பாத்ரூம் போவது, வயிற்றில் இருக்கும் தழும்பு அல்லது மலம் சேரும் பை, பிள்ளைக்குப் போகக்கூடிய மரபணு. மூன்றையும் ஒரே மூச்சில் கொட்டினால் எதிரில் இருப்பவர் காதில் விழுவது "கேன்சர்" என்ற ஒரு சொல் மட்டும்தான். தவணையில் சொல்லுங்கள். பெருங்குடலை எடுத்துவிட்டு பெங்களூரில் வேலை பார்க்கும் நாங்கள் தப்புத் தப்பாகச் செய்து கடைசியில் பிடித்த வரிசை இது.

பாத்ரூம் விஷயத்தை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடலாம். மலத்திலிருந்து நீரை உறிஞ்சுவது பெருங்குடலின் வேலை. அது போய், சிறுகுடலை மடித்துத் தைத்த ஜே-பவுச் வந்தபின் ஒரு நாளைக்கு 4 முதல் 8 தடவை போக வேண்டிவரும், இரவிலும் ஒரு முறை எழ நேரலாம். மலக்குடலை விட்டுவைத்தவர்களுக்குப் பொதுவாக இதைவிடக் குறைவு. "எனக்குக் குடல்ல ஆபரேஷன் ஆயிருக்கு, சாப்பிட்டா கொஞ்ச நேரத்துல எழுந்து போவேன், வர பத்து நிமிஷம் ஆகும்" என்றால் போதும். யாரும் மேலே துருவுவதில்லை.

இடம்தான் முக்கியம். நின்றபடி சாப்பிடும் தர்ஷினியில் காபி அருமையாக இருக்கும், டாய்லெட் பல இடங்களில் இருக்காது. மால், அல்லது உட்கார்ந்து சாப்பிடும் ஓட்டலாகப் பாருங்கள். டாக்டர் லோபெரமைட் (பேதியைக் கட்டுப்படுத்தும் மாத்திரை) எழுதிக் கொடுத்திருந்தால் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு போடுங்கள். தயிர் சாதமும் வாழைப்பழமும் கெட்டிப்படுத்தும். காரச் சட்னி உள்ளே போகும்போது எரிந்ததைவிட வெளியே வரும்போது அதிகம் எரியும். சில்க் போர்டு நெரிசல் நேரத்தில் முழு வயிற்றோடு காரில் ஏறாதீர்கள். இருவரும் சேர்ந்து ஊருக்குப் போவதானால் ரயில்தான், சென்னைக்கு இரவு பஸ் வேண்டாம்.

பையைப் பற்றிச் சொல்ல வேண்டிய நேரம், தொடுவதற்கு முன். ஜே-பவுச் ஆறும்வரை சில மாதங்களுக்குப் பலருக்கு ஸ்டோமா வைப்பார்கள் (குடலின் முனையை வயிற்றில் திறந்துவிடும் வாய், அதன் மேல்தான் பை ஒட்டும்), சிலருக்கு அது நிரந்தரம். விளக்கை அணைத்தபின் கைபட்டுத் தெரிவதைவிட, பகலில், உடையோடு உட்கார்ந்து பேசுவது நல்லது. புதுப் பை ஒன்றைப் பிரித்துக் கையில் கொடுத்துவிடுங்கள். காலியான பை பயமுறுத்துவதில்லை.

நெருக்கத்துக்கு முன் பையைக் காலி செய்யுங்கள். மற்ற வேளைகளிலும் மூன்றில் ஒரு பங்கு நிரம்பியதும் காலி செய்யும் பழக்கம் வேண்டும், கனம் கூடினால் தோலில் ஒட்டியிருக்கும் பேஸ் பிளேட்டை இழுத்துப் பிரிக்கும். கசிவுக்கு நம் வீடுகளில் இன்னொரு காரணம் எண்ணெய்க் குளியல். தோலில் எண்ணெயோ லோஷனோ இருந்தால் பசை பிடிக்காது, ஆகவே எண்ணெய் தேய்க்கும் நாளில் ஸ்டோமாவைச் சுற்றி விட்டுவிடுங்கள். பேஸ் பிளேட்டின் துளையை ஸ்டோமாவைவிட 2, 3 மில்லிமீட்டர் மட்டும் பெரிதாக வெட்டுங்கள். அதிகம் வெட்டினால் கழிவு தோலில் பட்டுப் புண்ணாகும். பையை மடித்து மேலே மெல்லிய பருத்திப் பட்டி கட்டினால் சலசலப்புக் கேட்காது. காலையில் சாப்பிடுவதற்கு முன் ஸ்டோமா பெரும்பாலும் அமைதியாக இருக்கும். ராத்திரி சோலே பட்டூராவும் சோடாவும் சாப்பிட்டுவிட்டு அமைதியை எதிர்பார்க்க முடியாது. ஸ்டோமாவுக்குள் எதையும் நுழைக்கக் கூடாது.

அறுவைக்குப் பிறகு எத்தனை வாரம் காத்திருப்பது என்று சர்ஜனிடம் நேராகக் கேளுங்கள், அவராகச் சொல்லமாட்டார். பெண்களுக்கு வறட்சியும் வலியும் வரலாம். நீர் சார்ந்த லூப்ரிகென்ட் உதவும், வலி தொடர்ந்தால் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். ஆண்களுக்கு இடுப்பு நரம்புகள் பாதிக்கப்பட்டு விறைப்போ விந்து வெளியேறுவதோ குறைய ஒரு சிறு வாய்ப்பு உண்டு. அறுவைக்கு முன்பே விந்தணுவை உறையவைப்பது பற்றிப் பேசுங்கள். ஜே-பவுச் அறுவைக்குப் பின் கருக்குழாய்களைச் சுற்றித் தழும்பு ஒட்டிக்கொண்டு கருத்தரிப்பது சிரமமாகலாம். அறுவையின் வகையையும் காலத்தையும் முடிவு செய்யும்போதே பெண்கள் இதைக் கேட்க வேண்டும். பாலிப்கள் பெருகும்போது அறுவையைத் தள்ளிப்போட முடியாது என்பதும் உண்மை. குடலை எடுக்காமல் விட்டால் சுமார் 50 வயதுக்குள் புற்றுநோய் ஏறக்குறைய நிச்சயம்.

மரபணுவை வீட்டார் பேச ஆரம்பிப்பதற்கு முன் சொல்லிவிட வேண்டும். ஏ.பி.சி. மரபணுவில் உள்ள பிழை ஒவ்வொரு குழந்தைக்கும் 50 சதவீத வாய்ப்பில் போகும். "ரெண்டு பிள்ளைன்னா ஒண்ணுக்கு வரும்" என்று கணக்குப் போடுவார்கள், தவறு. ஒவ்வொரு தடவையும் நாணயத்தைப் புதிதாகச் சுண்டுவது போலத்தான். பிழை இல்லாத பிள்ளை அதை அடுத்த தலைமுறைக்குக் கடத்தாது.

மாமன் மகள், அத்தை மகன் என்று உறவில் பேச்சு வந்தால் நிறுத்துங்கள். அதே குடும்பப் பிழை அவரிடமும் இருக்கலாம், இருவரும் சோதனை செய்தபின் பேசலாம். எம்.ஏ.பி. என்ற ஒத்த நோயில் இது இன்னும் கூர்மை, அது அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பிழை வந்தால்தான் வரும். பெற்றோர் இருவரும் ஒற்றைப் பிழை சுமப்பவர்களாக இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் 25 சதவீதம்.

"சின்ன வயசுல ஒரு ஆபரேஷன்" என்று அம்மா மழுப்புவார். வேண்டாம். இந்து திருமணச் சட்டம் 1955, பிரிவு 12இன்படி முக்கிய உண்மையை மறைத்துப் பெற்ற சம்மதம் திருமணத்தையே ரத்து செய்யக் காரணமாகலாம்.

குழந்தை வேண்டுமென்றால் வழி இருக்கிறது. ஐ.வி.எஃப். செய்து கருவைச் சோதித்துப் பிழையில்லாததை வைப்பதை 2021ஆம் ஆண்டின் இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டம் மரபணு நோய்களுக்கு அனுமதிக்கிறது. செலவு லட்சங்களில். இயற்கையாகப் பெற்றால் பிள்ளைக்கு ரத்தச் சோதனை, பிழை இருந்தால் 10, 12 வயதிலிருந்து கொலோனோஸ்கோபி. இதற்கெல்லாம் உங்கள் பிழை எது என்று முதலில் தெரிய வேண்டும். நோய் உள்ளவரின் ரத்தத்தில் அதைக் கண்டுபிடித்தபின் மற்றவர்களிடம் அந்த ஒன்றை மட்டும் தேடினால் போதும். அறிக்கையின் ஒரு நகல் துணையிடமும் இருக்கட்டும். பிள்ளையின் சோதனைக்கு ஆய்வகம் முதலில் கேட்பது பிழையின் பெயர் எழுதிய அந்த ஒரு வரியைத்தான்.