மட்கும் பிளாஸ்டிக்கில் மிச்சமிருக்கும் லாக்டைடு

மட்குவதும் உணவுக்குள் எதையும் கசியவிடாமல் இருப்பதும் வேறு வேறு விஷயங்கள், இதை நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். மட்கும் பிளாஸ்டிக்கான பாலிலாக்டிக் அமிலத்தையே பாருங்கள்: லாக்டைடு என்ற வளைய வடிவ மூலக்கூறுகளைத் திறந்து சங்கிலியாகக் கோத்துத்தான் அதைப் பெரும்பாலும் செய்கிறார்கள், கோக்கப்படாத லாக்டைடு கொஞ்சம் உள்ளேயே தங்கிவிடும்.

சரி, அதை எப்படி அளப்பது? பிளாஸ்டிக்கை டைகுளோரோமீத்தேன் என்ற கரைப்பானில் கரைத்து, ஹெக்ஸேன் சேர்த்துப் பாலிமரை, அதாவது நீண்ட சங்கிலிகளை, வீழ்படிவாக்கி, வடிகட்டிய திரவத்தை, ஆவியாக்கிப் பொருள்களைப் பிரித்து அளக்கும் கேஸ் குரோமடோகிராஃபியில் செலுத்தலாம். ஆனால் பாலிமர் முழுதாகப் பிரியாமல் போனால், கருவியின் சூட்டில் அதுவே சிதைந்து புதிதாக லாக்டைடு உண்டாகி, அளவைக் கூட்டிக் காட்டிவிடும். ஈரம் பட்டால் நேர்மாறு: லாக்டைடு நீராற்பகுப்படைந்து கடைசியில் லாக்டிக் அமிலமாகிவிடும், அளவு குறையும். என்னைக் கேட்டால், மாதிரியைத் தயார்செய்வதில்தான் பாதி வேலையே இருக்கிறது.

அப்புறம், பிபிஏடி என்ற இன்னொரு மட்கும் பிளாஸ்டிக் கலந்த உறைகளில் வளைய ஒலிகோமர்கள், அதாவது சில அலகுகளே சேர்ந்த சிறு வளையங்கள், இருக்கும். அவை எளிதில் ஆவியாகாது, அதனால் ஆவியாக்காமல் திரவத்திலேயே பிரிக்கும் திரவ குரோமடோகிராஃபியோடு, மூலக்கூறுகளை நிறையை வைத்து அடையாளம் காணும் நிறை நிறமாலைமானியும் வேண்டும்.