பனித்துளிக்குப் போட்ட தடை

நேற்று ராத்திரி முழுக்க ஒரே பாட்டுதான். தென்கொரியாவின் கிம் மின்-கி எழுதி, பாடகி யாங் ஹீ-உன் 1971-இல் பாடிய 'காலைப் பனித்துளி'. நீண்ட இரவு கழிந்து இலைகளில் முத்தைவிட அழகாக நிற்கும் பனி, கல்லறைகளுக்கு மேலே சிவந்து எழும் சூரியன், துயரத்தை உதறிவிட்டுப் பாழ்வெளிக்குக் கிளம்பும் ஒருவர். அவ்வளவுதான். அரசைப் பற்றி ஒரு சொல் கிடையாது. போராட்டத்துக்காக எழுதவில்லை என்றுதான் கிம் மின்-கியும் சொன்னார்.

ஆனால் சர்வாதிகாரி பார்க் சுங்-ஹீயின் ஆட்சியில் வாழ்ந்தவர்களுக்கு 'நீண்ட இரவு' எது என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. 1975-இல் பாட்டைத் தடை செய்தார்கள். மாணவர்கள் பாடிக்கொண்டேதான் இருந்தார்கள். ஜனநாயகம் கேட்டு நடந்த 1987 ஜூன் போராட்டத்தில் சியோல் தெருக்களில் கூட்டம் கூட்டமாகப் பாடியதும் இதைத்தான். ஒளித்துவைத்த பொருள் என்கிறோம். எனக்கென்னவோ அதை உள்ளே வைத்தவர்கள் கேட்டவர்கள்தான் என்று தோன்றுகிறது.

கேர்ள்ஸ் ஜெனரேஷன் என்ற கே-பாப் பெண்கள் குழு 2007-இல் பாடிய அறிமுகப் பாடலுக்கும் அப்படித்தான் நடந்தது. 2016-இல் போராட்டத்தில் இருந்த இஹ்வா மகளிர் பல்கலைக்கழக மாணவிகள் கைகோத்து, போலீஸ் முன்னால் அதைப் பாடினார்கள். அந்த வீடியோவை அழாமல் பார்க்க இதுவரை என்னால் முடிந்ததில்லை. 2024 டிசம்பரில், ராணுவச் சட்ட அறிவிப்புக்குப் பிறகு, நாடாளுமன்றத்துக்கு வெளியே குளிரில் ரசிகர்களின் ஒளிக்கோல்களோடு மறுபடியும் அதே பாட்டு.

கிம் மின்-கி அதைப் பார்க்கவில்லை. அந்த வருஷம் ஜூலையிலேயே இறந்துபோனார்.